மென்டோசா கோடு

மென்டோசா கோடு என்பது பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில் 0.200 என்ற மட்டையடிச் சராசரியைக் குறிக்கும் வழக்குச் சொல் ஆகும். ஒரு வீரரின் சராசரி இதற்குக் கீழே இறங்கினால், அவர் எவ்வளவு நன்றாகப் பந்தைத் தடுத்தாலும் மேஜர் லீக் அணியில் நீடிப்பது கடினம் என்று கருதப்பட்டது. மெக்சிகோவைச் சேர்ந்த உள்கள வீரர் மாரியோ மென்டோசாவின் பெயரால் இது வழங்குகிறது.

இங்கு சராசரி என்பது துடுப்பாட்டத்தில் உள்ளதைப் போன்றது அன்று. வீரர் அடித்த ஹிட்களின் எண்ணிக்கையை அவரது மட்டையடி வாய்ப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறப்படுவது. எனவே 0.200 என்பது ஐந்து வாய்ப்புகளில் ஒரு ஹிட் ஆகும். 0.300 எடுப்பவர் சிறந்த மட்டையாளர்.

மென்டோசாவின் ஆட்டம்

மென்டோசா 1950 டிசம்பர் 26 அன்று சிவாவா நகரில் பிறந்தார். 1974 முதல் 1982 வரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், சியாட்டில் மரைனர்ஸ், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் ஆகிய அணிகளில் ஆடினார். அவரது இடம் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடைப்பட்ட பகுதி. வலக்கை மட்டையாளர்கள் அடிக்கும் தரைப்பந்துகள் மிகுதியாக இப்பக்கமே வரும். அவற்றை எடுத்து, ஓடுபவர் சேருமுன் முதல் தளத்துக்கு நெடுந்தொலைவு எறிய வேண்டும். ஆகவே விரைந்த கால்களும் உறுதியான தோளும் தேவை. இவ்வேலையில் மென்டோசா தேர்ந்தவர். மெக்சிகோவில் அவருக்குப் "பட்டுக் கைகள்" என்னும் பட்டப்பெயர் உண்டு.

மட்டை பிடிப்பதில் நிலைமை வேறு. 1,337 வாய்ப்புகளில் 287 ஹிட்கள் மட்டுமே எடுத்தார். ஹோம் ரன்கள் நான்கு. ஒன்பது பருவங்களில் ஐந்தில் அவரது சராசரி 0.200ஐ எட்டவில்லை. 1979 இல் 148 ஆட்டங்களில் ஆடியும் 0.198 தான். இவ்வளவு ஆட்டங்களில் அவரைக் களமிறக்கியதே அவரது தடுப்பாட்டத்துக்கு அணி கொடுத்த விலையைக் காட்டுகிறது.

பெயர் பரவிய விதம்

இச்சொல்லைத் தொடங்கியவர்கள் சியாட்டில் அணித் தோழர்களான டாம் பசியோரெக், புரூஸ் பாக்டி ஆகியோர் என மென்டோசா கூறியுள்ளார். அவர்கள் 1980 தொடக்கத்தில் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் வீரர் ஜார்ஜ் பிரெட்டைக் கேலி செய்ய இதைப் பயன்படுத்தினர். பிரெட் வழியாக இது இ.எஸ்.பி.என் தொலைக்காட்சிக்குச் சென்று பரவியது. அப்பருவத்தில் பிரெட் 0.390 எடுத்தார். மென்டோசாவும் தமது மிகச் சிறந்த சராசரியான 0.245ஐ அதே ஆண்டில்தான் எட்டினார் என்பது பலர் அறியாதது. அவரது மொத்தச் சராசரி 0.215. அவர் பெயர் தாங்கிய கோட்டுக்கு அவரே மேலே நிற்கிறார்.

மதிப்பீட்டில் இதன் இடம்

திறன் தேடுநர்கள் ஒரு வீரரைச் சராசரிக்கான மட்டையடி, அடியின் வலு, ஓட்டம், எறிதிறன், தடுப்பு என ஐந்தாகப் பிரித்து 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுவர். 50 என்பது மேஜர் லீக் நடுத்தரம். மென்டோசா கோடு இவ்வைந்தில் முதலாவதை மட்டுமே அளக்கிறது. எறிவாளரின் தவறான பந்துகளை விட்டுவிட்டுத் தளம் சேரும் பொறுமை இதில் கணக்கில் வராது. 2023 இல் கைல் ஷ்வார்பர் 0.197 சராசரியே பெற்றார். ஆயினும் 47 ஹோம் ரன்கள் அடித்து, 126 முறை இவ்வாறு தளம் சேர்ந்தார். அவரைத் தோல்வியுற்றவர் என்று எவரும் கூறவில்லை. மென்டோசாவுக்கு அவ்வலுவும் இல்லை, அப்பொறுமையும் குறைவு. அவரைக் காத்தது கையுறை ஒன்றே.

ஓய்வுக்குப் பின் அவர் சிறு லீக் அணிகளுக்கு மேலாளராகப் பணியாற்றினார். 2000 ஆம் ஆண்டில் மெக்சிகோ தொழில்முறை அடிபந்தாட்டப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.