அண்டக்கதிர்களும் சூரியக் காற்றின் எல்லையும்

அண்டக்கதிர்கள் என்பவை ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாய்ந்துவரும் அணுக்கருக்கள், பெரும்பாலானவை புரோட்டான்கள். சூரியக் காற்று தன் காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு வீசுவதால், இவற்றில் ஆற்றல் குறைந்தவை பெருமளவு தடுக்கப்படுகின்றன. விண்மீனிடைப் பொருளின் அழுத்தம் அக்காற்றை நிறுத்தும் எல்லை ஹீலியோபாஸ். பூமி–சூரியன் தொலைவைப்போல் ஏறத்தாழ 122 மடங்கில் இருந்த அந்த எல்லையை, 2012 ஆகஸ்ட் 25 அன்று வாயேஜர் 1 விண்கலம் கடந்தது. சூரியத் துகள்கள் சட்டென வற்றின, அண்டக்கதிர்கள் கூடின. வாயேஜர் 2 கடந்தது 2018 நவம்பர் 5 அன்று.

திண்டுக்கல் மாவட்டத்தின் கோடைக்கானலில், சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கு மேலாகச் சூரியப் புள்ளிகளைப் பதிந்துவருகிறது. புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் பூமியை எட்டும் அண்டக்கதிர்கள் குறைவு.

அண்டக்கதிர்களை அளக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் உதகமண்டலத்தில் உள்ளது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் துகள்களான மியூவான்களைப் பதியும் இதன் மியூவான் தொலைநோக்கி 560 சதுர மீட்டர் பரப்புடையது. தொலைநோக்கி என்றாலும் வில்லையோ ஆடியோ கிடையாது: வாயு அடைத்த 6 மீட்டர் நீள இரும்புக் குழாய்களை நான்கு அடுக்காகப் பரப்பி, மேலே கான்கிரீட் பாளங்களை ஏற்றியிருக்கிறார்கள். மற்றத் துகள்கள் கான்கிரீட்டில் அடங்கிவிட, ஆற்றல் மிக்க மியூவான்கள் ஊடுருவிக் குழாய்களில் மின்துடிப்பாகப் பதிவாகும்.

2015 ஜூன் 22 அன்று சூரியனிலிருந்து வந்த பிளாஸ்மா மேகம் பூமியின் காந்த மண்டலத்தை நெருக்கியபோது, இங்கே இரண்டு மணி நேரம் மியூவான்கள் பெருகின. காந்தக் கவசம் தற்காலிகமாக வலுவிழந்ததே காரணம் என ஆய்வுக் குழு 2016-இல் விளக்கியது. செய்திகளில் அடிபட்ட 'விரிசல்' என்ற சொல் சற்று மிகைதான்.