பகைவர் அச்சில் அடித்த காசு

ஜாலான் புசார் வட்டாரத்தின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. அதுவரை அங்கே பழைய கடிகாரங்களுக்கு நடுவே பழைய காசுகளும் விற்பனைக்குக் கிடக்கும். ஆட்சி போனாலும் காசு மிஞ்சும். அதில் யாருடைய உருவம், யாருடைய எழுத்து என்பதுதான் கேள்வி.

சிலுவைப் போர் வீரர்கள் 1099இல் ஜெருசலத்தைக் கைப்பற்றினர். இஸ்லாமிய அரசுகளை எதிர்த்து வந்த அவர்கள், தங்கக் காசு அடிக்க எகிப்தின் ஃபாத்திமிட் கலீஃபாக்களின் தினாரையே அச்சாகக் கொண்டனர். அரபு எழுத்தும் இஸ்லாமிய வாசகமும் அதில் இருந்தன. காரணம் வணிகம். தினாருக்குப் பழகிய சந்தை புதுக் காசை எளிதில் ஏற்காது. 1250இல் போப்பாண்டவரின் தூதர் ஓடோ இதைப் பற்றி முறையிட, போப் நான்காம் இன்னசென்ட் தடை விதித்தார். 1251 முதல் ஆக்கர் நகரக் காசுகளில் சிலுவை வந்தது. கிறிஸ்துவ வாசகம் வந்தது. ஆனால் அந்த வாசகமும் அரபு மொழியிலேயே இருந்தது!

இதே கதை தமிழர் வரலாற்றிலும் உண்டு. முதலாம் இராஜராஜ சோழன் (985-1014) இலங்கையின் வட பகுதியை வென்றான். ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், நாகரி எழுத்தில் மன்னன் பெயர் என்ற அவனது காசு அங்கும் புழங்கியது. 1070இல் முதலாம் விஜயபாகு சோழர்களை விரட்டினான். சோழர் போனார்கள், காசின் வடிவம் போகவில்லை. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) செப்புக் காசிலும் அதே இரு உருவங்கள், அதே நாகரி எழுத்து. பெயர் மட்டும் அவனுடையது.

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் ஒரு படி மேலே சென்றனர். நிற்கும் உருவத்தை வைத்துக்கொண்டு, மறுபுறம் படுத்திருக்கும் நந்தியைப் பொறித்து, அதன் கீழ் தமிழில் 'சேது' என்று எழுதினர். இராமேசுவரத்துச் சேதுவின் காவலர் என்ற பெருமை அவர்களுக்கு. 1619இல் போர்த்துகீசியர் அந்த அரசை முடித்தனர். சேது காசு இன்றும் சாட்சியாக இருக்கிறது.

வாளால் நாட்டைப் பிடிக்கலாம். சந்தையின் நம்பிக்கையைப் பிடிக்க முடியாது. அதனால்தான் வென்றவரும் தோற்றவரின் அச்சைக் கடன் வாங்கினர். அதில் சொந்த எழுத்தைப் பொறிக்கும் துணிவு சிலருக்கே வந்தது.

சிங்கப்பூர்க் காசில் நாட்டின் பெயர் நான்கு மொழிகளில் உள்ளது. அவற்றுள் ஒன்று தமிழ். சில்லறை எண்ணும்போது ஒருமுறை திருப்பிப் பார்க்கலாம்.