பிரெஞ்சா, அமெரிக்கனா... ரெட் ஒயினில் கொடுக்கும் காசுக்கு எது வொர்த்?

நாம் 'ஒயின் ஷாப்' என்று சொல்லும் கடையில் ஒயின்தான் இருப்பதிலேயே கம்மி! 2003-ல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போன பிறகும் பேச்சில் அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழக்கமில்லாத பொருள் என்பதால், வெளிநாட்டு ரெட் ஒயின் என்றாலே நமக்கு ஒரே கணக்குதான்: விலை அதிகமா, அப்போ நல்லதாத்தான் இருக்கும். காசு போவது இந்த இடத்தில்தான்.

முதலில் வரி. இறக்குமதி ஒயினுக்குப் பல வருடங்களாக இந்தியா போட்டுவந்த சுங்கம் 150%. 2021 பட்ஜெட்டில் இதை 50% சுங்கம், 100% வேளாண் செஸ் எனப் பிரித்தார்கள். கூட்டினால் அதே 150%தான். 1,000 ரூபாய்க்கு வந்திறங்கும் பாட்டில், துறைமுகத்தைத் தாண்டும்போதே 2,500 ரூபாய். அதற்கு மேல் மாநில வரி, டீலர் லாபம். ஆக, 3,500 ரூபாய் கொடுத்து வாங்கும் பாட்டிலுக்குள் இருப்பது, அந்த ஊரில் ஆயிரம் ரூபாய்கூடப் போகாத சாதா ஒயினாக இருக்கலாம்.

அப்போ சுவையில் என்ன வித்தியாசம்? பிரெஞ்சு லேபிளில் பெரும்பாலும் ஊர் பெயர்தான் இருக்கும்: போர்டோ, பர்கண்டி, கோட் டு ரோன். என்ன திராட்சை என்று நீங்களே தெரிஞ்சுக்கணும். அமெரிக்க லேபிளில் திராட்சையே பெயர்: கேபர்னே, மெர்லோ, ஜின்ஃபண்டல். அப்படிப் பெயர் போட அந்தத் திராட்சை குறைந்தது 75% இருக்கணும் என்பது அங்கே சட்டம். புதுசா வாங்குகிறவருக்கு அமெரிக்க லேபிள் ஈஸி.

நாக்கில் பிரெஞ்சு ரெட் பொதுவாகத் துவர்ப்பும் புளிப்பும் தூக்கலா இருக்கும். பாக்கு மென்ற மாதிரி வாய் இழுக்கும். கலிஃபோர்னியா வெயிலில் பழம் நன்றாகப் பழுக்கும். அதனால் ஒயின் கெட்டியாக, கனிந்த நாவல்பழம் மாதிரி இருக்கும், ஆல்கஹாலும் கூடுதல். போர்டோவில் 13, 13.5% சகஜம் என்றால், நாபா பாட்டிலில் 14.5% தாராளமாகப் பார்க்கலாம். முதல் வாய்க்கு அமெரிக்கன் ஜெயிக்கும். சாப்பாட்டோடு என்றால் என் ஓட்டு பிரெஞ்சுக்குத்தான்.

இந்தச் சண்டைக்கு ஒரு ஃபேமஸான மேட்ச் உண்டு. 1976 மே 24, பாரிஸ். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற பிரிட்டிஷ் ஒயின் வியாபாரி லேபிளை மறைத்து ஊற்றிக் கொடுக்க, ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் போட்ட மார்க்கில் ரெட்டில் முதலிடம் பிடித்தது நாபாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973. போர்டோவின் உச்ச பிராண்டான ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷீல்ட் அதற்குக் கீழே! அந்தப் புகழுக்குப் பிறகு நாபா விலை எகிறிவிட்டது. இன்று 'அமெரிக்கன்னா சீப்' என்பது நாபாவுக்குப் பொருந்தாது.

பாட்டிலில் ஒட்டியிருக்கும் '92 பாயின்ட்' ஸ்டிக்கரின் கதையில் நம்ம ஏரியாவும் லேசாக எட்டிப் பார்க்கிறது. 100 பாயின்ட் மார்க் முறையைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கரான ராபர்ட் பார்க்கர். 1978-ல் 'ஒயின் அட்வகேட்' இதழைத் தொடங்கியவர். அவருக்குக் கனமான, பழுத்த ஸ்டைல் பிடிக்கும் என்பதால், போர்டோவில் பலர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்ற விமர்சனம் இன்றும் உண்டு. அந்த இதழை 2019-ல் முழுசா வாங்கியது யார் தெரியுமா? கவரைப்பேட்டை பக்கம், தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் டயர் தயாரிக்கும் அதே பிரெஞ்சு மிச்செலின்! ஆக, மார்க் என்பது ஒருவருடைய ருசி. உங்க நாக்கு வேற.

சரி, எதை வாங்கலாம்? வெளிநாட்டிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் டியூட்டி ஃப்ரீதான் புத்திசாலித்தனம். ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. கம்மி பட்ஜெட்டில் பிரான்ஸின் கோட் டு ரோன், லாங்கடாக், போஜலே கேளுங்கள். பெரிய பெயருக்கான காசு இதில் இருக்காது. அமெரிக்கன்தான் வேணும்னா நாபாவை விட்டுட்டு பாசோ ரோபிள்ஸ், வாஷிங்டன் மாநிலத்தின் கொலம்பியா வேலி. மிக மலிவான அமெரிக்க ரெட் பலவற்றில் இனிப்பு தூக்கல்; எனக்கு அது ரோஸ்மில்க் ரகம்.

இங்கேயே வாங்குவதென்றால் இறக்குமதி வரி இல்லாத நாசிக், நந்தி மலை ஒயின்கள்தான் நியாயமான டீல். நந்தி மலைப் பக்கத்து குரோவர் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தவர் போர்டோவின் மிஷேல் ரோலான். கலிஃபோர்னியா கம்பெனிகளுக்கும் அதே வேலை பார்த்த மனுஷன்.

'ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது' என்ற வாட்ஸ்அப் டயலாக்கை மட்டும் நம்பாதீங்க. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என 2023 ஜனவரியிலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 21 வயசுக்குக் கீழ் வாங்கவும் கூடாது. குடிச்சா பைக் சாவியைத் தொடாதீங்க.

கடைசியா நம்ம வெயில். 'ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்கணும்' என்பது 16-18 டிகிரி இருக்கும் ஐரோப்பிய ரூமுக்கு. கும்மிடிப்பூண்டி மே மாசத்துக்கு அது செட்டாகாது; அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைங்க. காரமான நாட்டுக்கோழிக் குழம்போடு 14.5% அமெரிக்கன் என்றால் நாக்கு இன்னும் எரியும். லேசாகக் குளிர்ந்த போஜலே பரவாயில்லை. மிச்சமிருந்தால் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, மூணு நாளுக்குள் முடிங்க. அதுக்கு மேல் போனால் வினிகர் பக்கம் நகர ஆரம்பிச்சிடும்.