பரிசுப் பணமும் பங்குரிமையும்

திருச்சிராப்பள்ளியின் பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர் 1946-இல் நடத்திய வேலைநிறுத்தத்தால், உழைப்போர் சங்கமாகத் திரள்வதன் வலிமையைத் தமிழகம் நன்கறியும். அவ்வழியில் டென்னிஸ் வீரர்களும் 1972-இல் ஏடிபி எனும் தொழில்முறை வீரர் சங்கத்தை நிறுவினர். எனினும், ஆட்டங்களை நெறிப்படுத்திய மன்றத்தில் வீரர், போட்டி அமைப்பாளர், பன்னாட்டுக் கூட்டமைப்பு என முத்தரப்பும் இடம்பெற்றதால், வீரர்கள் சிறுபான்மையாகவே இருந்தனர். 1988-இல் அமெரிக்க ஓப்பன் மைதானத்தின் வாகன நிறுத்துமிடத்தில் நின்றபடியே அவர்கள் தங்களுக்கெனத் தனிப் போட்டிச் சுற்று தொடங்கும் எண்ணத்தை வெளியிட்டனர். 1990-இல் தொடங்கிய அச்சுற்றின் ஆட்சிக்குழுவில் வீரரும் அமைப்பாளரும் சரிபாதி இடம் பெற்றனர். சென்னையின் விஜய் அமிர்தராஜ் அக்காலத்தில் வீரர் மன்றத் தலைவராகப் பணியாற்றினார். விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு பெருந்தொடர்கள் இவ்வமைப்புக்கு வெளியே நிற்பதால், அவற்றின் வருவாயில் வீரரின் பங்கு எவ்வளவு என்ற பூசல் இன்றும் தீரவில்லை. முதல் சுற்றிலேயே தோற்றுப் பயணச் செலவுக்குத் திண்டாடும் ஆட்டக்காரருக்கும் உரிய பங்கு சேர்வதே அறமாகும்.