கொழுந்தும் எண்ணெயும்

2022 ஏப்ரலில் பதுளையில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். பக்கத்தில் நின்ற ஸ்பிரிங்வெளித் தோட்டத்து மூதாட்டி கேட்டார்: "நானா, எங்க கொழுந்துதானே ஈரானுக்கும் ரஷ்யாவுக்கும் போகுது, அங்கயிருந்து எண்ணெ வராதா?"

வரலாறு அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. ஈரானிய எண்ணெய்க்கான 25.1 கோடி டொலர் கடனைத் தேயிலையால் அடைக்க 2021 டிசம்பரில் இலங்கை உடன்பட்டது. 2022 மார்ச் 2இல், உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன. இலங்கை ஒதுங்கி நின்றது. மே மாதம் ரஷ்ய மசகு எண்ணெய் வந்த பிறகே, மூடிக்கிடந்த சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மீண்டும் இயங்கியது. ஜூலை 6இல் ஜனாதிபதி கோட்டாபய, எரிபொருள் வாங்க புட்டினிடம் கடன் கேட்டார்.

எண்ணெய் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். அணிசேராக் கொள்கையும் உண்டு. ஆனால் கடன் கேட்கப் போகிறவன் குரலை உயர்த்துவானா?

1973இல் அரபு நாடுகள் எண்ணெயைக் குறைத்தபோது, அதையே நம்பியிருந்த ஜப்பான், 1967இல் பிடித்த நிலங்களிலிருந்து இஸ்ரேல் வெளியேற வேண்டுமென்றது. அன்று எண்ணெய் வாயைத் திறக்கவைத்தது, இன்று மூடவைக்கிறது. பலஸ்தீனுக்கு நாம் கேட்கும் நீதியை உக்ரைனுக்கும் கேட்கத்தானே வேண்டும்?