சந்தனம் தீர்ந்த பின்

2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அத்தனை பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் உண்டு. செம்மரம் வெட்ட வந்தவர்களைத் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து ஆட்கள் செம்மரக் காட்டுக்கு ஏன் போனார்கள் என்று கேட்டால், வறுமை என்ற ஒரே சொல்தான் பதிலாக வருகிறது. அது பொய்யில்லை, போதாது. வறுமை அந்த மலையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறது. 1960-இல் அது யாரையும் சேஷாசலத்துக்கு அனுப்பவில்லையே, 2010-ஐ ஒட்டி மட்டும் ஏன் அனுப்பியது? ஆளை ஊரைவிட்டுக் கிளப்புவது வறுமையாக இருக்கலாம். எந்த ஆண்டில், எந்தத் திசையில் என்று முடிவு செய்வது சட்டமும் சந்தையும்.

தொலைவில் இருக்கும் கியூபாவைப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 1959 புரட்சிக்குப் பிறகு அங்கிருந்து மக்கள் வெளியேறியது ஒரே சீராக நடக்கவில்லை, அலை அலையாக நடந்தது. 1980-இல் மரியேல் துறைமுகத்தை அரசு திறந்துவிட்டதும் சில மாதங்களில் சுமார் 1,25,000 பேர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். 1994-இல், கிளம்புகிறவர்களைத் தடுக்க மாட்டோம் என்று காஸ்ட்ரோ சொன்னதும் 30,000-க்கும் மேற்பட்டோர் கட்டுமரம் போன்ற மிதவைகளில் கடலில் இறங்கினார்கள். 2021 நவம்பரில் நிகராகுவா கியூபர்களுக்கு விசா வேண்டாம் என்றது. பெரும்பாலோர் கடல்வழியை விட்டுத் தரைவழிக்கு மாறினார்கள். தட்டுப்பாடு எல்லாக் காலத்திலும் இருந்தது. கதவு திறந்த அன்றுதான் கூட்டம் நகர்ந்தது.

ஜவ்வாது மலையில் முதலில் நடந்தது கதவடைப்பு. 1882 சென்னை வனச் சட்டம் வந்தபின் காடுகள் ஒவ்வொன்றாகக் காப்புக்காடாயின. காட்டைத் திருத்தி எரித்து, சில ஆண்டு விதைத்து, மண் களைத்ததும் வேறிடம் போகும் புனச் சாகுபடி குற்றமானது. மிஞ்சியது மழையை நம்பிய மேட்டு நிலமும் ஒருபோகச் சாமையும். வருமானம் தரக்கூடிய சந்தனமோ அரசின் சொத்து. சொந்தப் பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் அரசுக்கே உரியது. 2002-இல்தான் அந்த விதி தளர்ந்தது. அரசு எடுத்த மரம் திருப்பத்தூர்க் கிடங்கில் ஏலம் போனது, கடத்தல்காரர் எடுத்தது இரவோடு இரவாக இறங்கியது. இரண்டு பக்கமும் கோடரி பிடித்தவர்கள் பெரும்பாலும் அந்த மலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடியினர். அவர்கள் கற்ற வேலை நுட்பமானது. சந்தனத்துக்கு விலை அதன் வைரத்தில் இருக்கிறது. வேரோடு தோண்டி, பட்டையையும் வெளிப்புற வெள்ளையையும் செதுக்கித் தள்ள வேண்டும். ஒரு கொத்து ஆழமாகப் போனால் காசு சில்லாகத் தெறித்துவிடும்.

செம்மரத்துக்கும் அதே கைதான் வேண்டும்: வெள்ளையைச் சீவி, சிவந்த வைரத்தை மட்டும் சுமந்து இறங்க வேண்டும். ஜவ்வாதில் வெட்டத் தகுந்த சந்தனம் அருகிப்போன காலத்தில்தான் சீனத்து மரச்சாமான் சந்தையில் செம்மரத்தின் விலை ஏறியது. உலகில் அது இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பெரும்பாலும் ஆந்திரத்தில். தொழில் தெரிந்த ஆள் இங்கே சும்மா இருந்தான், மரம் அங்கே நின்றது. இடைத்தரகருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

வறுமை என்ன வறுமை, எல்லாம் பேராசை என்பவர்கள் உண்டு. கூலி பல மடங்கு என்பது உண்மை. ஆனால் பேராசைதான் காரணமென்றால் அதே ஊர்களிலிருந்து கேரளத்துக்கும் குடகின் காபித் தோட்டங்களுக்கும் சாதாரணக் கூலிக்குப் போகிறவர்களை என்ன சொல்வது? இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது: இவர்கள் மரபே இடம்பெயர்வுதானே, இதில் சட்டத்தை ஏன் இழுக்க வேண்டும்? மலையாளிகளின் குடிவரவுக் கதையை வடஆர்க்காடு மாவட்டக் கையேடு பதிவு செய்திருக்கிறது. வேடர்கள் தூக்கிச் சென்ற பெண்களை மீட்கக் காஞ்சிபுரத்து வேளாளர் எழுவர் ஏழு நாய்களோடு கிளம்புகிறார்கள். பாலாற்று வெள்ளத்தில் நாய்கள் பாதியில் திரும்பிவிடுகின்றன. நாய்கள் மட்டும் வந்தால் நாங்கள் செத்ததாகக் கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அவர்கள். காரியம் முடித்து ஊர் திரும்பினால் தங்களுக்குக் கருமாதி நடந்து, மனைவியர் தாலி அறுத்திருந்தார்கள். ஊர் சேர்க்கவில்லை, மலை ஏறினார்கள். கதையை வரலாறாக எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் இது அலைந்து திரிந்தவர்களின் கதையல்ல, ஊரின் விதி வெளியே தள்ளியவர்களின் கதை என்பதைக் கவனிக்கலாம்.

2006 வன உரிமைச் சட்டம் அந்தப் பழைய அடைப்பைத் தளர்த்த வந்தது. தமிழ்நாட்டில் 2008-இல் உயர்நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை பட்டா வழங்குவதை நிறுத்தி வைத்தது. 2016-இல்தான் உச்சநீதிமன்றம் அதை விலக்கியது. செம்மரத்துக்கு ஆள் போனது உச்சத்தில் இருந்ததும் சேஷாசலத்தில் துப்பாக்கி வெடித்ததும் இந்த எட்டாண்டு இடைவெளிக்குள்தான். சாமை கதிர் பிடிக்கும் முன், வீட்டில் தானியம் தீர்ந்த மாதத்தில் மேஸ்திரி முன்பணத்தோடு வருவார். காபிக்கும் அதே முன்பணம், செம்மரத்துக்கும் அதே முன்பணம். யார் முதலில் மலையேறி வந்தார் என்பதைப் பொறுத்தது, அந்த ஆண்டு அந்த வீட்டு ஆள் எந்தப் பக்கம் பேருந்து ஏறினார் என்பது.