மீன் காட்டிய வழி



களனி ஆற்றின் வடகரையில், கொழும்பு மாநகரை அடுத்து அமைந்துள்ளது பேலியகொடை. 1875ஆம் ஆண்டில் வித்தியாலங்காரப் பிரிவெனா அங்கு நிறுவப்பட்டமையால் கல்வியாளர் அவ்வூரை நன்கறிவர். பொதுமக்களோ இன்று அதனை மத்திய மீன் சந்தையாலேயே அறிகின்றனர். நாட்டின் கரையோரங்களிலிருந்து வந்து சேரும் சூரை, பாரை, அறக்குளா, சுறா, திருக்கை முதலியன அங்கே விலைப்படுகின்றன. மீனை வெட்டித் துப்புரவு செய்யும்போது குடலும் அதனோடு சேர்ந்த பிறவும் கழிவென்று ஒதுக்கப்படுகின்றன. அக்கழிவினுள் கிடக்கும் இரு சிறு சுரப்பிகள், மனித உடலின் இரு பெரும் புதிர்களை விடுவிக்கத் துணைபுரிந்தன. அவ்வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

முதலாவது புதிர் நீரிழிவு. நம் நாட்டார் இதனைச் சலரோகம் என்றும் கூறுவர். நோயாளியின் சிறுநீரை எறும்பு நாடுவதைப் பண்டை இந்திய வைத்தியரே அறிந்திருந்தனர். ஆயினும் நோயின் இருப்பிடம் 1889ஆம் ஆண்டிலேயே தெளிவாயிற்று. அவ்வாண்டில் ஸ்திராஸ்பூர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, பொன் மேரிங் என்னும் இருவர் நாயொன்றின் சதையியை அகற்றினர். நாயை நீரிழிவு பற்றிக்கொண்டது. தமிழகத்தார் கணையம் என வழங்கும் இச்சதையியினுள், கடலிடையே தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் கலக்கூட்டங்களை லாங்கர்ஹான்ஸ் என்பார் 1869ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். நோயைத் தடுக்கும் பொருள் அத்தீவுகளிற்றான் சுரக்கின்றது என அறிஞர் ஊகித்தனர். ஊகித்தல் எளிது, நிறுவுதல் அரிது. ஏனெனில், சதையியின் பெரும்பகுதி உணவைச் சமிக்கச் செய்யும் நீரைச் சுரப்பது. முழுச் சதையியையும் அரைத்தால் அந்நீரிலுள்ள நொதியங்கள் தேடும் பொருளையே அழித்துவிடக்கூடும்.

இங்கேதான் மீன் வழிகாட்டியது. என்பு மீன்கள் பலவற்றில் இத்தீவுகள் சிதறிக் கிடப்பதில்லை. பெரும்பாலும் திரண்டு, பித்தப்பையின் அருகே கண்ணுக்குத் தெரியும் சிறு மணியாக விளங்குகின்றன. ஸ்கொத்லாந்து நாட்டு அறிஞரான ரெனி, பிரேசர் ஆகியோர் இம்மணிகளை நோயாளருக்கு உண்ணக் கொடுத்து, 1907ஆம் ஆண்டில் அதன் விளைவை வெளியிட்டனர். பயன் கிட்டவில்லை. இன்சுலின் ஒரு புரதம். வாய்வழி உண்டால் இறைச்சியும் பருப்பும் போல அதுவும் சமித்துப்போகும். கையில் எடுத்த மருந்து வழி தவறியமையால் கைநழுவிற்று எனலாம்.

1921ஆம் ஆண்டில் கனடாவின் தொறொன்ரோ நகரில் பாண்டிங், பெஸ்ற் ஆகிய இருவரும் நாய்களில் வெற்றி கண்டனர். கொலிப் என்பார் அச்சாற்றைத் தூய்மை செய்தார். 1922 ஜனவரியில் லெனாட் தொம்சன் என்னும் சிறுவன் அதனால் உயிர் பிழைத்தான். அவ்வாண்டுக் கோடையில், அவர்களுடைய ஆய்வுகூடத் தலைவர் மக்லியொட் கடற்கரைக்குச் சென்று, மீனின் தீவுமணியையும் எஞ்சிய சதையியையும் தனித்தனியே சோதித்தார். தீவுமணியில் இன்சுலின் மிகுந்திருந்தது. மற்றையதில் அது காணப்படவில்லை. நெடுநாளைய ஊகம் உறுதியாயிற்று.

இரண்டாவது புதிர், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரீனற் சுரப்பி. இது கெட்டால் மனிதர் சோர்ந்து, மெலிந்து, தோல் கருத்து மாய்வர் என்று இலண்டன் வைத்தியர் அடிசன் 1855ஆம் ஆண்டில் எழுதினார். 1901ஆம் ஆண்டில் ஜப்பானியரான தக்காமினே அச்சுரப்பியிலிருந்து அதிரீனலினைப் பளிங்காகப் பிரித்தெடுத்ததை வெளியிட்டார். ஆனால் அதிரீனலின் ஏற்றியும் அடிசன் நோயாளர் பிழைக்கவில்லை. காரணம் யாது? நம் சுரப்பியில் புறணியும் அகணியும் ஒன்றினுள் ஒன்றாய் அமைந்துள்ளன. அதிரீனலின் அகணியிற் பிறப்பது. சுறாவிலும் திருக்கையிலுமோ இவ்விரண்டும் வெவ்வேறு இடங்களில் உள்ளன. புறணிக்கு ஒப்பான பகுதியை மட்டும் பீடல் என்னும் ஆராய்ச்சியாளர் இவ்வின மீன்களில் அகற்றியபோது அவை இறந்தன. உயிரைத் தாங்குவது புறணியே என்பது புலனாயிற்று. அப்புறணியின் ஓமோன்களை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்ரைன், ஹென்ச் ஆகியோர் 1950ஆம் ஆண்டில் நொபெல் பரிசு பெற்றனர்.

இவ்விரு சுரப்பிகளும் தராசின் இரு தட்டுகள் போன்றவை. இன்சுலின் குருதியிலுள்ள சீனியைக் குறைக்கின்றது. அதிரீனலினும் புறணியின் கோட்டிசோலும் அதனை உயர்த்துகின்றன. ஒரு தட்டு வெறுமையானால் வெளியிலிருந்து நாள்தோறும் நிரப்ப வேண்டும். அந்த "நாள்தோறும்" என்னும் சொல்லிற்றான் நோயாளியின் உயிர் தங்கியுள்ளது. இரண்டாம் உலகப்போரின்போது மருந்து வரும் வழி அடைபட்டது. ஜப்பானியர் சூரை முதலிய மீன்களிலிருந்து இன்சுலின் தயாரித்தனர். ஷங்காய் நகரில் அகதியாயிருந்த ஏவா சக்சல் என்னும் பெண்மணி, தம் கணவருடன் எருமையின் சதையியிலிருந்து அதனை எடுத்துத் தம்மையும் பிறரையும் காத்தார். 1982ஆம் ஆண்டு முதல் பற்றீரியாக்கள் மனித இன்சுலினையே ஆக்கித் தருகின்றன. ஆயினும் வழி அடைபடும் அபாயம் அகலவில்லை என்பதை 2022ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாட்டில் நாமே கண்டோம்.

இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஆய்வொன்று, இருபது வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினர் அதுவரை தம் நோயை அறிந்திலர். ஆதலின், குருதியைச் சோதித்தறிதல் முதற்கடன். உடல் தேறிவிட்டது என்றெண்ணி இன்சுலினையோ, நெடுநாள் உட்கொண்ட ஸ்டிரொயிட் மாத்திரையையோ வைத்தியரைக் கேளாது திடீரென நிறுத்தாதிருத்தல் இரண்டாங்கடன். நாயும் மீனும் எருமையும் தம் உயிரைக் கொடுத்து ஈட்டித்தந்த அறிவு இது. அதனைக் கவனக்குறைவால் இழத்தல் தகாது.